ஸோரோ எந்த மொழியில் பேசினான்?

2005ஆம் ஆண்டு வெளிவந்த ‘த லெஜண்ட் ஆஃப் ஸோரோ’ திரைப்படம் ஒரு வாக்குப்பதிவில் தொடங்குகிறது. ஆண்டு 1850. கலிஃபோர்னியா அமெரிக்க ஒன்றியத்தில் ஒரு மாநிலமாகச் சேர வேண்டுமா என்பதற்கு மக்கள் வாக்களிக்கிறார்கள். வாக்குச்சீட்டுகளைக் கவர மெக்கிவன்ஸ் என்பவனின் துப்பாக்கிக் கூட்டம் வருகிறது. கருப்பு முகமூடி, கருப்புக் குதிரை, நீண்ட வாள் ஆகியவற்றுடன் ஸோரோ தோன்றி அவற்றை மீட்டு ஆளுநரிடம் சேர்க்கிறான். வீடு திரும்பினால் மனைவி எலெனா காத்திருக்கிறாள். இனியாவது முகமூடியைக் கழற்றிவிட்டு மகனுக்குத் தந்தையாக இருப்பாய் அல்லவா என்பது அவள் கேள்வி. மாநில அந்தஸ்து முறையாக அறிவிக்கப்படும்வரை இன்னும் மூன்று மாதங்கள் வேண்டும் என்கிறான் அவன். சண்டை முற்றுகிறது, மணமுறிவில் முடிகிறது.

படத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்தக் குடும்பச் சிக்கலைச் சுற்றியே அமைந்தது. 1998இல் வந்த ‘த மாஸ்க் ஆஃப் ஸோரோ’வின் காதல் மிடுக்கு இதில் இல்லை, சாகச நாயகனைக் குடிகாரக் கணவனாக்கிவிட்டார்கள் என்பது பொதுவான குறை. குறையில் நியாயம் உண்டு. ஆனால் இரண்டாம் படத்தின் உண்மையான பலவீனம் மணமுறிவில் இல்லை. கதையை 1850க்குக் கொண்டுவந்துவிட்டு, அந்த ஆண்டில் என்ன நடந்தது என்பதைப் பார்க்க மறுப்பதில் இருக்கிறது. அதிலும் குறிப்பாக, மொழிக்கு என்ன நேர்ந்தது என்பதை.

ஸோரோ என்னும் ஸ்பானியச் சொல்லுக்கு நரி என்பது பொருள். ஜான்ஸ்டன் மெக்கல்லி என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1919இல் ஒரு வார இதழில் எழுதிய தொடர்கதையில் இப்பாத்திரம் பிறந்தது. மறு ஆண்டே டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடிப்பில் படமாயிற்று. அன்று முதல் ஸோரோவின் எதிரிகள் பெரும்பாலும் ஊழல் மிகுந்த ஆளுநர்கள், கொடுமைக்காரப் படைத்தலைவர்கள். ஒடுக்குபவன், ஒடுக்கப்படுபவன், காப்பவன் ஆகிய மூவரும் ஒரே மொழிக்காரர்கள். எனவே, கதைமாந்தர் ஆங்கிலத்தில் பேசுவது பார்வையாளருக்கு இடறுவதில்லை. அது ஸ்பானியத்துக்கு நிகராக வைக்கப்பட்ட ஆங்கிலம். ஒருவகை மொழிபெயர்ப்பு மரபு. ரோமப் பேரரசர்கள் திரையில் ஆங்கிலம் பேசுவதைப் போன்றதே. 1821, 1841 ஆகிய ஆண்டுகளில் நிகழும் முதல் படத்துக்கு இம்மரபு போதுமானதாக இருந்தது.

1850இல் போதாது. இப்போது ஆங்கிலம் கதைக்குள்ளேயே வந்துவிட்டது. ஒன்றிய அரசின் முகவர்கள், பிங்கர்ட்டன் துப்பறிவாளர்கள், கூலிக்குத் துப்பாக்கி ஏந்தியவர்கள் ஆகியோர் மெய்யாகவே ஆங்கிலம் பேசுபவர்கள். உழவர்களும் பாதிரியாரும் அலெஹாந்த்ரோவும் எலெனாவும் தம்முள் பேசுவது ஸ்பானியமாக இருந்தாக வேண்டும். படத்திலோ எல்லாம் ஒன்றே. இரு முகவர்கள் எலெனாவை வழிமறித்து, உன் கணவனின் இரகசியம் எங்களுக்குத் தெரியும் என்று மிரட்டும்போது, எந்த மொழியில் மிரட்டினார்கள்? அவள் எந்த மொழியில் மறுத்தாள்? இந்தக் கேள்வி எழ படத்தில் இடமே இல்லை. அந்தோனியோ பந்தேராஸின் உச்சரிப்பும், அங்கங்கே தூவப்பட்ட சில ஸ்பானியச் சொற்களும் ‘இவர் அவ்வினத்தவர்’ என்று காட்டும் அடையாளங்களாக நிற்கின்றன. ஒரு மொழியை உச்சரிப்பாகச் சுருக்கிவிட்டால், அதை இழக்க முடியும் என்பதே தோன்றாது. உச்சரிப்பு தொலைவது இழப்பாகக் கருதப்படுவதில்லை, தேர்ச்சியாகவே கருதப்படுகிறது.

வணிகத் திரைப்படத்தில் இதையெல்லாம் எதிர்பார்க்கலாமா என்று கேட்கலாம். 2001இல் வந்த ‘லகான்’ வணிகத் திரைப்படமே. அதில் வெள்ளை அதிகாரிகள் தமக்குள் ஆங்கிலம் பேசுகிறார்கள். ஊராரிடம் கடித்துத் துப்பிய இந்தி பேசுகிறார்கள். யார் யாருடைய மொழிக்குள் இறங்கி வர வேண்டியிருக்கிறது என்பதிலிருந்தே அதிகாரத்தின் அமைப்பு விளங்கிவிடுகிறது. பாட்டுக்கோ மட்டைப்பந்துக்கோ அதனால் எந்தக் குறையும் வரவில்லை.

இனி, படம் விட்டுவிட்ட வரலாறு. 1848 பிப்ரவரியில் கையெழுத்தான குவாதலூப்பே ஹிதால்கோ உடன்படிக்கையின்படி கலிஃபோர்னியா மெக்சிகோவிடமிருந்து அமெரிக்காவிடம் சென்றது. அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் சட்டர் என்பவரின் மரவாலையில் தங்கம் கண்டெடுக்கப்பட்டிருந்தது. தங்கத்தைத் தேடிப் பல்லாயிரவர் வந்து குவிந்தார்கள். ஸ்பானியம் பேசிய கலிஃபோர்னியோக்கள் ஓரிரு ஆண்டுகளுக்குள் தம் மண்ணில் சிறுபான்மையினர் ஆனார்கள். 1849 செப்டம்பரில் மான்ட்டரே நகரில் அரசமைப்பு மாநாடு கூடியபோது, 48 பேராளர்களில் எட்டுப் பேரே கலிஃபோர்னியோக்கள். அவர்களில் சிலருக்கு ஆங்கிலம் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் உடனிருந்தார். வாக்குரிமையை வெள்ளை ஆண்களுக்கு மட்டும் தருவது பற்றிய விவாதத்தில், ‘வெள்ளை’ என்னும் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டவர் பாப்லோ தெ லா குவேரா. கருத்த தோல் கொண்ட கலிஃபோர்னியோக்கள் பலர் இருந்தார்கள். அந்த ஒற்றைச் சொல் அவர்களை வெளியே தள்ளிவிடும் என்பது அவர் அச்சம்.

அந்த மாநாட்டில் ஒரு வெற்றியும் கிடைத்தது. மாநிலத்தின் சட்டங்கள், ஆணைகள், விதிகள் அனைத்தும் ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் வெளியிடப்பட வேண்டும் என்னும் பிரிவு அரசமைப்பில் இடம்பெற்றது. அதாவது, கலிஃபோர்னியா இருமொழிச் சட்டம் கொண்ட மாநிலமாகவே பிறந்தது. ஸோரோ உயிரைக் கொடுத்துக் காத்த வாக்குச்சீட்டுக்கு இதைவிடப் பொருள் தரக்கூடிய செய்தி வேறில்லை. படத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அதற்குப் பதிலாகப் படம் தருவது என்ன? அர்மாண்ட் என்னும் பிரெஞ்சுப் பிரபு. ஆரகானின் வீரர்கள் என்னும் ஐரோப்பிய இரகசியச் சங்கம். திராட்சை மதுப் புட்டிகளில் அடைத்துக் கடத்தப்படும் நைட்ரோகிளிசரின். அதை வாங்கத் தெற்குக் கூட்டமைப்பின் படை அதிகாரி ஒருவர்; அந்தக் கூட்டமைப்பு தோன்றியதோ 1861இல். மாநில விழாவுக்கு ஆபிரகாம் லிங்கன் வருகிறார். 1850இல் அவர் இல்லினாயில் வழக்கறிஞர். கடைசிச் சண்டை ஒரு தொடர்வண்டியில். கலிஃபோர்னியாவில் முதல் இருப்புப்பாதை 1856இல்தான் ஓடத் தொடங்கியது. (நைட்ரோகிளிசரின் மட்டும் காலத்துக்குப் பொருந்துகிறது. 1847இல் டூரினில் அஸ்கானியோ சொப்ரேரோ அதைக் கண்டறிந்துவிட்டார்.) இத்தகைய காலப்பிழைகளை எண்ணிக் காட்டுவது எளிது, பலரும் செய்துவிட்டார்கள். அவை எல்லாம் ஒரே திசையில் சாய்வதைத்தான் கவனிக்க வேண்டும். கேடு விளைவிப்பவன் ஐரோப்பியன், அல்லது ஒன்றியத்தைப் பிளக்க நினைக்கும் தென்னாட்டான், அல்லது தனிப்பட்ட கொள்ளையன். ஒன்றிய அரசு ஒருபோதும் அந்தப் பட்டியலில் வருவதில்லை.

நிலப்பறிப்பையும் இவ்வாறே படம் கையாள்கிறது. மெக்கிவன்ஸ் ஓர் உழவர் குடும்பத்தின் நிலத்தைத் துப்பாக்கி முனையில் பிடுங்க வருகிறான். வரலாற்றில் நிலம் பறிபோனது பெரும்பாலும் காகிதத்தால். 1851ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஸ்பானிய, மெக்சிக அரசுகள் வழங்கிய நிலக்கொடைகளை வைத்திருந்தோர் ஓர் ஆணையத்தின்முன் தம் உரிமையை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 813 கோரிக்கைகள் பதிவாயின. ஒரு கோரிக்கை இறுதிப் பட்டயமாக மாறச் சராசரியாகப் பதினேழு ஆண்டுகள் பிடித்தன. வென்றவர்களும் வழக்கறிஞர் கட்டணத்துக்கும் கடனுக்கும் நிலத்தை விற்றார்கள். மான்ட்டரே மாநாட்டின் பேராளரான மரியானோ வயேஹோவே தம் சொஸ்கோல் நிலத்தை உச்ச நீதிமன்றம்வரை சென்று இழந்தார். வழக்கு நடந்த மொழி, நிலத்தின் எல்லையை வருணித்த மூலப் பத்திரத்தின் மொழியாக இல்லை.

முதல் படத்திலும் இத்தகைய மாற்றம் ஒன்று உண்டு. ஹொவாக்கீன் முரியெத்தா என்னும் கொள்ளைத்தலைவனைக் கொன்றதாகச் சொல்லி, ஹேரி லவ் தலைமையிலான கலிஃபோர்னியா ரேஞ்சர் படை ஒரு தலையைக் கொண்டுவந்தது. அது சாராயக் குடுவையில் இடப்பட்டு, காசு வாங்கிக்கொண்டு காட்சிக்கு வைக்கப்பட்டது. இது நடந்தது 1853இல். அப்படையை அமைத்ததும் பரிசு தந்ததும் அமெரிக்க மாநில அரசு. திரைப்படம் அதை 1841க்கு, மெக்சிக ஆட்சிக்காலத்துக்கு நகர்த்திவிட்டது. பின்னாளைய அரசின் வன்முறை முன்னாளைய அரசின் கணக்கில் எழுதப்பட்டது. பிறகு இரண்டாம் படம் 1850இல் புதிய அரசைத் தூய கைகளுடன் வரவேற்கிறது.

இந்த இடத்தில்தான் குடும்பக்கதை மீண்டும் வருகிறது. அலெஹாந்த்ரோவின் மகன் பெயரும் ஹொவாக்கீன். கொல்லப்பட்ட பெரியப்பாவின் பெயர். 1850இல் அவனுக்கு ஏறத்தாழப் பத்து வயது. தந்தையை உதவாக்கரைப் பிரபு என்று வெறுத்துக்கொண்டு, ஸோரோவை வழிபடுகிறான். இருவரும் ஒருவரே என்பது அவனுக்குத் தெரியாது. படத்தின் மிக நல்ல பகுதி இந்தச் சிறுவன்தான். தந்தையிடம் மகன் எதிர்பார்ப்பது என்ன என்னும் கேள்வி நேர்மையாகக் கேட்கப்படுகிறது. ஆயினும் விடை மிக மலிவாக வாங்கப்படுகிறது. முகமூடி கழன்றதும் எல்லாம் சரியாகிவிடுகிறது. தாயும் தந்தையும் மறுமணம் செய்துகொள்கிறார்கள், மாநிலமும் பிறக்கிறது. ஒரே மகிழ்ச்சிக்குள் இரண்டும் அடைக்கப்படுகின்றன.

அந்தச் சிறுவனின் வயதைக் கூட்டிக்கொண்டே போனால் வேறொரு படம் கிடைக்கும். பதினொரு வயதில் குடும்ப நிலம் ஆணையத்தின்முன் செல்கிறது. பதின்மூன்றாவது வயதில் தன் பெயரைத் தாங்கிய தலை குடுவையில் ஊர் சுற்றுகிறது. பதினைந்து வயதாகும் 1855இல், பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று விதிக்கப்படுகிறது. அதே ஆண்டு அலைந்து திரிவோர்க்கு எதிரான சட்டம் ஒன்று, மெக்சிகர்களைக் குறிக்கும் வசைச்சொல்லைத் தன் வாசகத்துக்குள்ளேயே எழுதிக்கொள்கிறது. தெருவில் இருந்த இழிசொல் சட்டநூலில் ஏறுவது மொழியியல் மாணவர் எவரும் நின்று பார்க்க வேண்டிய இடம். அதே 1855இல்தான் லாஸ் ஏஞ்சலஸில் ஃபிரான்சிஸ்கோ ராமிரெஸ் என்னும் பதினெட்டு வயது இளைஞர் ‘எல் கிளாமோர் பூப்லிகோ’ என்னும் ஸ்பானிய வார இதழைத் தொடங்கினார். அரசமைப்பு தந்த உரிமைகளை ஸ்பானியத்தில் விளக்கினார். விசாரணையின்றி மெக்சிகர்களைத் தூக்கிலிட்ட கும்பல்களைக் கண்டித்து எழுதினார். 1859 முடிவில் இதழ் நின்றுபோயிற்று. முகமூடியும் வாளும் இல்லாத ஸோரோ ஒருவர் தேவையென்றால், அச்சுக்கோத்துப் பழகிய இந்த இளைஞரைவிடப் பொருத்தமானவர் கிடைப்பது கடினம்.

கலிஃபோர்னியோக்களை வெறும் பலியாடுகளாகக் காண்பதும் மற்றொரு முகமூடியே. அவர்களின் பெரும்பண்ணைகள் பூர்வகுடி மக்களின் உழைப்பில் நின்றவை. 1850 ஏப்ரலில், மாநில அந்தஸ்து கிடைப்பதற்கும் முன்பே, கலிஃபோர்னியாவின் சட்டமன்றம் பூர்வகுடிகளின் ‘ஆட்சிக்கும் பாதுகாப்புக்கும்’ என்ற பெயரில் ஒரு சட்டம் இயற்றி, அவர்களையும் அவர்களின் குழந்தைகளையும் கட்டாய உழைப்பில் பிணைக்க வழிசெய்தது. ஸோரோ காக்கும் மக்கள்திரளில் அவர்களின் மொழிகளுக்கு இடமில்லை. உச்சரிப்பாகக்கூட அவை ஒலிப்பதில்லை.

ஹொவாக்கீனுக்கு முப்பத்தொன்பது வயதாகும் 1879இல் கலிஃபோர்னியா புதிய அரசமைப்பை ஏற்றது. பழையதில் இருந்த இருமொழிப் பிரிவு அதில் இல்லை. அரசு நடவடிக்கைகள் அனைத்தும் ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கும் என்று எழுதப்பட்டது. முப்பது ஆண்டுக்குள் ஒரு வாக்குறுதி இவ்வாறு முடிந்தது. அப்போது எந்த வாக்குப்பெட்டியையும் எவரும் களவாடவில்லை. அந்த அரசமைப்பும் வாக்கெடுப்பில்தான் நிறைவேறியது.

1986 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பு ஆங்கிலத்தை அம்மாநிலத்தின் ஆட்சிமொழியாக அறிவித்தது. ஆதரவு ஏறத்தாழ 73 விழுக்காடு. 1998 ஜூன் 2 அன்று இன்னொரு வாக்கெடுப்பு, பொதுப்பள்ளிகளில் இருமொழிக் கல்வியைப் பெருமளவு ஒடுக்கியது. ஆறு வாரம் கழித்து, ஜூலை 17 அன்று, ‘த மாஸ்க் ஆஃப் ஸோரோ’ அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியானது. அதன் தொடர்ச்சி வாக்குப்பெட்டியுடன் வந்த 2005இல், ஹாலிவுட் அமைந்துள்ள அதே மாநிலத்தில், அந்தத் தடை நடைமுறையில் இருந்தது. அது நீங்கியது 2016இல். அதுவும் வாக்கெடுப்பின் வழியாகவே.