சொந்த லாரியும் சொந்தக் கூலியும்

நம்மவருள் ஒருவர் சிங்கப்பூரில் சொந்தமாக ஒரு லாரி வாங்கிவிட்டால் அன்றோடு அவர் பெயரே மாறிவிடுகிறது. நேற்றுவரை டிரைவர், இன்று முதலாளி! வண்டிக்கு மாலை போடுகிறார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறார்கள். உறவினருக்கு விருந்து வைக்கிறார்கள். நடக்கவேண்டிய ஒன்று மட்டும் நடப்பதில்லை. அதுதான் கணக்கு. நான்கு பழங்களை நசுக்கும் நேரத்தில் நான்கு வரி எழுதிக் கூட்டியிருந்தால், அவர் முதலாளியானாரா அல்லது தம்மிடமே தாம் குறைந்த கூலிக்கு அமர்ந்தாரா என்பது அன்றே விளங்கியிருக்கும்.

பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்னும் பெயர்கள் தேக்கா வட்டாரத்தின் பழைய மாட்டுத் தொழிலை இன்றும் நினைவூட்டுவன. அக்கால மாட்டுவண்டிக்காரருக்கு எழுத்தறிவு இல்லாதிருக்கலாம். ஆனால் மாட்டுக்கு மூப்பு உண்டு என்பது தெரியும். இன்று பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையிலிருந்து அதே தெருக்களுக்குக் காய்கறி ஏற்றிவரும் லாரிக்காரரிடம், அவருடைய வண்டியினும் விரைவில் மூத்துச் சாகும் பொருள் ஒன்று உண்டு. அதற்குக் கொம்புமில்லை, வாலுமில்லை. அது ஒரு காகிதம்.

1990ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த வாகன உரிமைச் சான்றிதழைத்தான் சொல்கிறோம். இதனை ஏலத்தில் எடுத்தாலன்றி வண்டியைப் பதிவு செய்ய இயலாது. சரக்கு வண்டிகளும் பஸ்களும் 'சி' பிரிவில் ஒன்றாகப் போட்டியிடுகின்றன. ஆதலால் ஒற்றை லாரிக்காரர் பெருங்கம்பெனிகளோடு ஒரே ஏலத்தில் நிற்கிறார். 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 30,000 வெள்ளிக்கும் குறைவாக இருந்த அப்பிரிவின் விலை, 2023 மார்ச்சில் 90,000 வெள்ளியைக் கடந்தது. லாரி 20 ஆண்டு வரை ஓடச் சட்டம் இடங்கொடுக்கிறது; காகிதத்தின் ஆயுளோ 10 ஆண்டே. பின்னர், அப்போதைய மூன்று மாத ஏல விலையின் சராசரியைக் கட்டிப் புதுப்பிக்கவேண்டும். அவ்விலை என்னவாயிருக்கும் என்று இன்று சொல்லவல்ல சோதிடர் எவருமிலர்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். உதாரணத்துக்காக, காகிதம் 72,000 வெள்ளி, வண்டி 48,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பத்தாண்டுக்குப் பகிர்ந்தால் மாதம் முறையே 600, 400. கடன் வட்டியைப் பத்தாண்டுக்கும் பரப்பினால் மாதம் 225. நாளொன்றுக்கு 15 லிட்டராக 26 நாளைக்கு 390 லிட்டர் டீசல்; லிட்டர் 2 வெள்ளி 50 காசு வீதம் 975. (இதில் 2019 முதல் லிட்டருக்கு 20 காசாக இருக்கும் தீர்வை மட்டும் 78 வெள்ளி.) காப்புறுதி, சாலை வரி, பரிசோதனை, டயர், பழுது, நிறுத்துமிடம், மின்னியல் சாலைக் கட்டணம் எல்லாம் சேர்த்து 900. ஆகச் செலவு 3,100. மாத வரவு 6,000 என்றால் மிஞ்சுவது 2,900.

இந்த 2,900 வெள்ளியை இலாபம் என்கிறார் நண்பர். இல்லை ஐயா, இது உமது கூலி! நாளுக்கு 12 மணியாக 312 மணி நேரம் உழைத்ததற்கு மணிக்கு 9 வெள்ளி 29 காசு. சம்பளத்துக்கு ஓட்டுபவர் 55 வயது வரை முதலாளியிடமிருந்து நூற்றுக்கு 17 வீதம் மத்திய சேம நிதி பெறுகிறார். சம்பளத்தோடு விடுமுறை பெறுகிறார். வேலை நியமனச் சட்டத்தின் வேலைநேர விதிகளுக்கு உட்பட்டவராயின் வாரம் 44 மணிக்கு மேற்பட்ட உழைப்புக்கு ஒன்றரை மடங்கு கூலியும் பெறுகிறார். உமக்கு இவற்றைத் தருவார் யார்? அந்த 17 வீதத்தை மட்டும் கழித்துப் பார்த்தாலே உமது வருமானம் சுமார் 2,480 வெள்ளிச் சம்பளத்துக்குத்தான் சமம். இலாபம் எங்கே? முதலுக்கு வருவாய் எங்கே?

இதனினும் கொடியதொரு மயக்கம் கடன் தீர்ந்த பின் வருகிறது. தவணை இல்லை, வட்டி இல்லை, கையில் 4,125 வெள்ளி நிற்கிறது. மகளுக்குக் கலியாணம், ஊரில் வீடு என்று கை நீளுகிறது. அத்தொகையில் மாதம் 1,000 வெள்ளி தேய்ந்துகொண்டிருக்கும் காகிதத்துக்கும் வண்டிக்கும் உரியது என்பதை அவர் நினைப்பதில்லை. பத்தாம் ஆண்டு வந்து கதவைத் தட்டும்போது, தாம் இத்தனை நாள் உண்டது இலாபமன்று, வண்டியையே சிறிது சிறிதாக உண்டோம் என்பது தெரியவருகிறது.

இம்மயக்கத்தால் நன்மையடைவோர் இல்லாமலில்லை. சரக்கு அனுப்பும் வியாபாரி வண்டி வாங்கவேண்டியதில்லை. சேம நிதி கட்டவேண்டியதில்லை. வியாபாரம் மந்தமானால் ஒரு சொல்லில் நிறுத்திவிடலாம். நட்டத்துக்கு அஞ்சும் முதலாளி, அந்நட்டத்தை இன்னொருவர் தலையில் ஏற்றி, அதற்குக் கூலியாக 'முதலாளி' என்ற தம் பட்டத்தையே கொடுக்கிறார்! கணக்கறியாத லாரிக்காரரோ, தம் உழைப்புக்கு விலையே வையாமல், அடுத்த லாரிக்காரரைவிடப் பத்து வெள்ளி குறைத்துக் கேட்கிறார். இருவரும் கெடுகின்றனர்.

"கூலிக்கு ஓட்டுவதைவிடச் சொந்த வண்டியே சுதந்திரம்" என்பர் சிலர். புறப்படும் நேரத்தைக் குறிப்பது கடைக்காரர். வாடகையைக் குறிப்பது கடைக்காரர். காய்ச்சல் வந்தால் பட்டினி கிடப்பது மட்டும் வண்டிக்காரர். இதற்குச் சுதந்திரம் என்று பெயரிட்டால் அடிமைத்தனத்துக்கு வேறு பெயர் தேடவேண்டும்.

லாரி வாங்காதீர் என்று நாம் சொல்லவில்லை. கணக்கோடு வாங்குங்கள், தனியே நில்லாதீர்கள். 1970இல் தேசிய தொழிற்சங்கக் காங்கிரஸ் 'கம்ஃபர்ட்' என்னும் டாக்சிக் கூட்டுறவை நிறுவி, ஓட்டுநர் தவணையில் வண்டிக்கு உடைமையாளராக வழி செய்தது. 1993இல் அது கம்பெனியாக மாறியது வேறு விஷயம். சிறியோர் சேர்ந்தால் ஆகும் என்பதற்கு அது சான்று. வாடகையைத் தமக்குள் பேசி ஒன்றாக நிர்ணயிக்க 2004ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் இடந்தராது. ஆயினும் டீசல், டயர், காப்புறுதி ஆகியவற்றைக் கூட்டாக வாங்க எது தடை? நோயுற்றவர் வண்டியை ஓட்ட மாற்றாள் வைக்க எது தடை? செயலி வழி ஆளேற்றிச் செல்வோருக்கும் பொருள் விநியோகிப்போருக்கும் 2025 சனவரி 1 முதல் தனிச்சட்டம் வந்துவிட்டது. கடைக்காரரிடம் நேரே வேலை பெறும் லாரிக்காரர் அதற்கும் வெளியே நிற்கிறார். இவருக்காகப் பேசுவார் யார்?

நம் சங்கங்கள் ஆண்டுதோறும் விழா எடுக்கின்றன. தொழில் முனைவோருக்குப் பொன்னாடை போர்த்துகின்றன. ஒரு விழாவை நிறுத்தி, ஒரு மாலைப்பொழுதில் லாரிக்காரர்களை அமர்த்தி, மேற்சொன்ன கணக்கை அவரவர் தொகையைக்கொண்டு போட்டுப் பார்க்கச் செய்யட்டும். பொன்னாடை ஒரு நாளைக்கு. காகிதத்தின் தவணையோ தப்பாமல் வரும். 2020இல் எடுத்தவருக்கு 2030இல் வரும்; 2023இல் எடுத்தவருக்கு 2033இல் வரும். அந்நாளுக்கு எவ்வளவு சேர்த்தீர் என்று இன்றே கேளாத சமூகம், அன்று வந்து இரங்குவதால் பயனில்லை.