குழூஉக்குறி இரண்டு மார்க்குக்கு மட்டும்தானா?



தெருப் பிள்ளைகளுக்கு ரகசிய எழுத்து சொல்லிக் கொடுக்கிறேன் என்று போன வாரம் எழுதினேன். "பரீட்சைக்கு உதவாது", "பிள்ளைகளுக்குத் திருட்டுப் புத்தி வரும்" என்று நம் ஆட்களே பதில் போட்டிருக்கிறீர்கள். இரண்டையும் நான் ஒப்பவில்லை.

முதலில் பரீட்சை. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர் என்று குழூஉக்குறி படித்தீர்களே, நினைவிருக்கிறதா? இரண்டு மார்க் கேள்வியோடு அதைப் பள்ளிக்கூடங்கள் முடித்துவிட்டன. ஒருவர் ஏன் மறைத்துப் பேசுகிறார், அதை இன்னொருவர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்று யாரும் கேட்பதில்லை.

சீசர் ஒவ்வொரு எழுத்தையும் மூன்று இடம் தள்ளி எழுதினார். தமிழில் மெய்யை மட்டும் ஓர் இடம் தள்ளினால் 'கடல்' என்பது 'ஙணவ்' ஆகும். ஙகரத்தில் சொல் தொடங்குவது வழக்கமில்லை என்று தெரிந்த பிள்ளை உடனே சந்தேகப்படும். மெய் 18, ஆகவே 17 முறை தள்ளிப் பார்த்தால் தீர்ந்தது.

வரிசையையே கலைத்துவிட்டால்? 6,400 லட்சம் கோடிக்கு மேல் வழிகள் உண்டு. ஆனாலும் தப்பாது. எந்த எழுத்து அதிகம் வருகிறது என்று எண்ணியே உடைக்கலாம் என 9ஆம் நூற்றாண்டிலேயே பாக்தாத்தில் அல் கிந்தி எழுதி வைத்தார். தமிழில் இன்னொரு துப்பும் உண்டு: ர், ழ் இரட்டிப்பதில்லை. இரட்டித்து வரும் குறி அந்த இரண்டும் அல்ல என்று தள்ளிவிடலாம். இலக்கணம் இதைவிட நன்றாக எங்கே மனதில் ஏறும்?

அடுத்து, திருட்டுப் புத்தி. 1908 முதல் 1918 வரை பாரதி நம் ஊரில் இருந்தபோது பிரிட்டிஷ் ஒற்றர்கள் இதே தெருக்களில் வேவு பார்த்தார்கள். ரகசியம் திருடனுக்கு மட்டுமா தேவை?

1883இல் கெர்க்காஃப்ஸ் என்ற மொழி ஆசிரியர் பிரெஞ்சில் எழுதினார்: முறை எதிரிக்குத் தெரிந்தாலும் சாவி தெரியக் கூடாது. உங்கள் பேங்க் கணக்கும் அப்படித்தான். பின் நம்பரும் ஓடிபியும்தான் சாவி. "பேங்கிலிருந்து பேசுகிறோம்" என்றவனிடம் அதைச் சொல்லிவிட்டுப் பென்ஷன் பணத்தை இழந்தவர்கள் நமக்குத் தெரிந்தவர்களிலேயே இருக்கிறார்கள். ஏமாற்றுகிறவனுக்கு எல்லாம் தெரிந்திருக்க, நம் பிள்ளைக்கு மட்டும் தெரியக் கூடாது என்பது எந்த ஊர் நியாயம்?

'முநுழை'. மெய் ஓர் இடம் தள்ளியிருக்கிறது. விடையை இங்கே போடாதீர்கள். வீட்டில் உள்ள பிள்ளையிடம் பென்சிலோடு கொடுங்கள்.