மருந்துச் சீட்டும் தொழிலாளியின் சேமநிதியும்

புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதும் தோட்டத்துக் குடும்பத்தில் எழும் முதற் கேள்வி, "பிழைக்குமா?" என்பது. அடுத்த கேள்வி, "எவ்வளவு செலவாகும்?" என்பது. இந்த இரண்டாம் கேள்விக்கு விடை பெரும்பாலும் டாக்டரின் பேனா முனையில் இருக்கிறது.

ஒரு மருந்தை முதலில் கண்டுபிடித்த கம்பெனி அதைத் தன் வியாபாரப் பெயரில் விற்கிறது. காப்புரிமைக் காலம் தீர்ந்தபின் மற்றக் கம்பெனிகளும் அதே மருந்தைச் செய்து குறைந்த விலைக்குத் தரலாம். இதுவே ஜெனரிக் மருந்து. விலை வித்தியாசம் கொஞ்சநஞ்சமல்ல. இரத்தப் புற்றுநோயில் ஒரு வகைக்குத் தரப்படும் இமாட்டினிப் மாத்திரையை நோவார்ட்டிஸ் கம்பெனி 'கிளிவெக்' என்ற பெயரில் விற்றபோது, இந்தியாவில் மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய் ஆயிற்று. இந்தியக் கம்பெனிகளின் மாத்திரைக்கோ 8,000 முதல் 10,000 ரூபாய்தான். நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1ஆம் தேதி மறுத்துவிட்டது.

"மலிவு மருந்து வேலை செய்யுமா?" என்று டாக்டர்களில் சிலர் தயங்குகின்றனர். அந்தத் தயக்கத்தை நாம் இகழவில்லை. உயிர் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டியதே. டிராஸ்டுசுமாப் போன்ற ஊசி மருந்துகள் உயிரணுக்களைக் கொண்டு செய்யப்படுவதால், அவற்றை ஒத்த மருந்துகளுக்கு விரிவான தனிச் சோதனைகளும் அவசியம். மாத்திரைகளின் சங்கதி வேறு. இரத்தத்தில் ஏறும் மருந்தின் அளவு மூல மருந்தை ஒத்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க முறை இருக்கிறது. மார்புப் புற்றுக்கு 5 ஆண்டுகள், சில வேளை 10 ஆண்டுகள், தினமும் விழுங்கும் டமோக்சிஃபென் மாத்திரையை ஜெனரிக்காகவே நெடுங்காலமாக எழுதித் தருகிறார்கள். அங்கே எழாத சந்தேகம் விலை உயர்ந்த மாத்திரையில் மட்டும் எழுவானேன்?

நம் நாட்டுத் தனியார் கிளினிக்குகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் மருந்தை எழுதும் இடமே அதை விற்கும் இடமாகவும் இருக்கிறது. டாக்டர்கள் எல்லோரும் லாபம் பார்த்தே எழுதுகிறார்கள் என்று பழி சொல்ல நாம் தயாராயில்லை. ஆயினும் சேமநிதியை எடுத்து, தாலிக்கொடியை அடகு வைத்து வந்தவருக்குக் காரணம் கேட்கும் உரிமை உண்டு. தனியார் கிளினிக்குகளும் மருந்துக்கடைகளும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற உத்தரவு 2025 மே 1 முதல் அமலுக்கு வந்துள்ளது. விலையைப் பாருங்கள், மருந்தின் பொதுப் பெயரை எழுதித் தரும்படி கேளுங்கள், பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று கவனியுங்கள். டாக்டரைக் கேளாமல் மட்டும் மாத்திரையை மாற்றாதீர்கள்.

சீட்டைப் படிக்க இயலாத பால்மரத் தொழிலாளருக்குக் கிராணிமார் படித்துச் சொல்ல முன்வர வேண்டும். தனியார் டாக்டர்கள் ஒவ்வொரு சீட்டிலும் மருந்தின் பொதுப் பெயரைக் குறிப்பதையும், ஜெனரிக்கை மறுத்தால் காரணத்தை எழுதித் தருவதையும் கட்டாயமாக்கும்படி சுகாதார அமைச்சை வற்புறுத்துகிறோம்.