ஏடு சொன்னது பாதி, எலி சொன்னது மீதி

"எல்லாம் ஏட்டிலே இருக்கிறது! எடுத்துப் பார்ப்பாரில்லை, அவ்வளவே!" என்று திண்ணையில் சாய்ந்தபடி முழங்கும் பெரியவர்களுக்குப் புதிய சான்று ஒன்று கிடைத்திருக்கிறது. சீன நாட்டு அம்மையார் தூ யூயூ! பழைய நூலிலே கண்ட மூலிகையால் மலேரியாவை மடக்கினார். 2015-இல் நோபல் பரிசு பெற்றார். ஆகவே பழமை வென்றது, ஆய்வுக்கூடம் தோற்றது! வாதம் எப்படி!

நடந்ததைக் கேளுங்கள், தோழர்களே!

வியட்நாம் போரிலே குண்டுக்குத் தப்பிய வீரர், கொசுவுக்குத் தப்பவில்லை. குளோரோகுயின் பலனற்றுப் போயிற்று. 1967 மே 23-இல் சீன அரசு மருந்து தேடும் மறைவான திட்டமொன்றைத் தொடங்கிற்று. அந்நாளே '523' என்று அதற்குப் பெயராயிற்று. 1969-இல் தூ யூயூ தம் குழுவுக்குத் தலைமை ஏற்றார். ஏடுகளிலும் மருத்துவர் வாயிலாகவும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குறிப்புகள் திரண்டன. அத்தனையும் முன்னோர் வாக்கு! அம்மையார் அவற்றைக் கும்பிட்டாரா? 380-க்கு மேற்பட்ட சாறுகளை வடித்து, மலேரியா கண்ட எலிகளுக்குக் கொடுத்தார். பெரும்பாலானவை தோற்றன. சிங்ஹாவோ என்ற செடியின் சாறும் ஒரு முறை பலித்தது, மறு முறை பொய்த்தது!

மீண்டும் ஏட்டைப் புரட்டினார். நான்காம் நூற்றாண்டுக் கே ஹோங், அச்செடியைக் காய்ச்சச் சொல்லவில்லை. நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தார். வெப்பந்தான் மருந்தைக் கெடுக்கிறதோ என்ற ஐயம் பிறந்தது. ஏறத்தாழ 35 பாகையிலேயே கொதிக்கும் ஈதரில் சாற்றைப் பிரித்தார். 1971 அக்டோபர் 4-இல், 191-ஆம் மாதிரி எலிகளின் நோய்க்கிருமியை முற்றிலும் ஒழித்தது. பிறகு, பிறருக்குக் கொடுக்குமுன் தாமே விழுங்கிப் பார்த்தார் அம்மையார். துணிவு அது!

ஏட்டுக்கு உரிய பெருமையை மறுக்கவில்லை, வழிகாட்டிற்று. ஆனால் அதே கே ஹோங்தான், இரசச் செந்தூரத்தைப் புடமிட்டு உண்டால் சாவை வெல்லலாம் என்றும் எழுதி வைத்தார்! ஒரே கை, ஒரே மை. எது மருந்து, எது மயக்கம் என்று பிரித்தது யார்? ஏடா? சிங்ஹாவோ என்ற பெயரும் பல செடிகளுக்கு வழங்கிற்று. ஆர்ட்டிமீசியா அன்னுவா ஒன்றே பயன் தந்ததென்று காட்டியதும் சோதனையே.

"அப்படியானால் அந்த இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்போமே" என்பாரும் உளர். இலைக்கு இலை மருந்தின் அளவு மாறும். குறைந்த அளவில் கிருமி சாகாது, தாக்குப்பிடிக்கக் கற்கும். ஆகவேதான் ஆர்ட்டிமிசினினை வேறு மருந்தோடு சேர்த்தே தருகின்றனர். இலைத்தேநீரை 2019-இல் உலக நலவாழ்வு நிறுவனம் ஏற்க மறுத்தது.

என் வகுப்பு மாணவன் ஒருவன் நடுக்கக் காய்ச்சலில் விழுந்தான். மூன்று நாள் கசாயம். நான்காம் நாள், ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லிலே தடவிப் பார்த்த பின்புதான் மலேரியா என்று தெரிந்தது. உரிய மாத்திரையால் பிழைத்தான். கசாயம் கெட்டதென்று நான் சொல்லவில்லை. "எந்த எலிக்குக் கொடுத்துப் பார்த்தார்களாம், ஐயா?" என்று மட்டும் அவன் தந்தையைக் கேட்டேன்.

"எலிக்கு ஏன் சார்? பையனுக்குத்தானே கொடுத்தேன்" என்றார் அவர்.