நடுவர் பெயரை மறைத்தல் தகுமோ?

ஓட்டத்தை அளக்கக் கடிகாரம் உண்டு. தாண்டலை அளக்க நாடா உண்டு. உறைபனித் தளத்தில் சறுக்குக் காலணி பூண்டு ஆடும் ஆட்டத்திற்கோ காண்பவர் கண்ணே அளவுகோல். ஆகலின் அக்கண்ணுக்குரியவர் யாரென்று அறிய ஆடுபவர்க்கு உரிமை உண்டென்பது என் துணிபு.

ஸாலி-ஆன் ஸ்டேபிள்போர்டு என்னும் ஆங்கில மாதின் வரலாறே என்னை இவ்வாறு எண்ணச் செய்தது. பிரிட்டிஷ் வாகையை அவர் ஆறு முறை சூடினார். 1965-இல் ஐரோப்பியப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1964, 1968 ஒலிம்பிக் போட்டிகளிலும் ஆடினார். அக்காலத்தில் மதிப்பெண்ணில் 60 விழுக்காடு, குதித்தலுக்கும் சுழலுதலுக்கும் அன்று, பனிமீது வட்டங்களைக் கீறுதற்கே உரியதாயிருந்தது. ஆடியவர் அகன்றதும் நடுவர் தளத்தில் இறங்கிக் குனிந்து, கோடு கோணிற்றா, காலணியின் விளிம்பு மாறிற்றா என்று நோக்குவர். பின்பு தம் மதிப்பெண்ணை யாவரும் காண உயர்த்திக் காட்டுவர். பார்ப்போர்க்கு இதனினும் சலிப்பூட்டுவது பிறிதில்லை என்பர்; ஆயினும் அதில் ஒளிவுமறைவு இல்லை.

நிற்க. பின்னாளில் அவர் நடுவராகி, பன்னாட்டுச் சறுக்கற் சங்கத்தின் நுட்பக் குழுவிற்குத் தலைவரும் ஆயினார். 2002-இல் சால்ட் லேக் நகரத்து ஒலிம்பிக்கில், இணையர் ஆட்டத்தில் நடுவர் ஒன்பதின்மருள் ஐவர் ரஷ்ய இணையர்க்கும் நால்வர் கனடிய இணையர்க்கும் முதலிடம் தந்தனர். தம் நாட்டுச் சங்கம் தம்மை நெருக்கிற்று எனப் பிரெஞ்சு நடுவர் விடுதியில் தம்மிடம் கூறியதாக ஸ்டேபிள்போர்டு அம்மையார் தெரிவித்தார். அந்நடுவரோ பின்னர் அதனை மறுத்து, மனச்சான்றின்படியே தீர்ப்பளித்தேன் என்றார். முடிவில் கனடியர்க்கும் பொற்பதக்கம் கிடைத்தது. அந்நடுவரும் அவர் நாட்டுச் சங்கத் தலைவரும் மூன்றாண்டு விலக்கப்பட்டனர்.

இதற்குச் சங்கம் கண்ட மருந்து யாது? எம்மதிப்பெண் எந்நடுவருடையது என்பதை மறைத்தலே! பெயர் தெரியாவிடின் நெருக்குவார் இலர் என்பது அவர் வாதம். அஞ்சும் நடுவர்க்கு அது சிறிது துணையாதல் கூடும். எனினும், நடுவரை நெருக்குவார் அவர்தம் நாட்டவரே. தனியறையில் வினவி அறிதல் அவர்க்கு அரிதன்று. அறியாது நிற்பவர் ஆடினாரும் பார்த்தாருமே.

நம் விடைத்தாளைத் திருத்துவோர் பெயரும் மறைவன்றோ என்று நண்பர் ஒருவர் வினவினார். ஆண்டு மாணவன் பெயரும் உடன் மறைகின்றது. ஈண்டோ, ஆடுபவள் பெயரையும் நாட்டையும் உலகமே அறியும். தீர்ப்பவர் மட்டும் மறைந்திருப்பர். இஃது எவ்வகை நேர்மை?

அம்மையார் 2002-இலேயே தம் பதவியை இழந்தார். மறுவருடம் ஒத்த கருத்தினருடன் வேறொரு சங்கம் காண முயன்றார், அது நிலைபெறவில்லை. 2016-இல் துப்ரோவ்னிக் நகரில் கூடிய பேரவை பெயர் மறைக்கும் முறையை நீக்கிற்று. அவர் இழந்த பதவியோ அவர்க்கு மீளவில்லை.