ஒரு நாள் முகாமும் ஓராண்டுத் துணையும்

திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் இருக்கிறது டி. கல்லுப்பட்டி. பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தது இங்குள்ள காந்திநிகேதன் ஆசிரமத்தில்தான். அவருடைய எளிமையைப் போற்றும் நாம், அவரை ஆளாக்கியவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் பயின்று பம்பாயில் தணிக்கையாளராக இருந்தவர். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது, இந்தியாவின் வறுமை குறித்து அவர் ஆற்றிய உரை நாளிதழில் வந்தது. அதைப் பார்த்த பேராசிரியர் எட்வின் செலிக்மன், அதையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்த ஆய்வோடு 1929 மே மாதம் காந்தியைப் பார்க்கச் சபர்மதி போனார் குமரப்பா. அதைத் தம் 'யங் இந்தியா' இதழில் தொடராக வெளியிட இசைந்த காந்தி, குஜராத் கிராமங்களின் பொருளாதார நிலையை ஆராயும் பொறுப்பையும் அவரிடம் கொடுத்தார். தனக்குக் குஜராத்தி தெரியாதே என்று தயங்கியவருக்கு குஜராத் வித்யாபீட மாணவர்களைத் துணைக்கு அனுப்பினார். மாத்தர் வட்டத்தில் 54 கிராமங்களின் வரவும் செலவும் கணக்குக்கு வந்தன. அடுத்து அந்த இதழின் பொறுப்பு, அதன்பின் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம். ஒவ்வொரு முறையும் முந்தையதைவிடப் பெரிய வேலை; பின்னால் நிற்க ஒருவர்.

இன்று மாணவர்களுக்கு வழிகாட்டல் என்று நாம் நடத்துவது இப்படிப்பட்டதா? பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் மண்டபத்தில் ஒரு நாள் முகாம் போடுகிறோம். சில மாதங்கள் கழித்து, அதற்கு வந்த ஒரு பெண் இ-சேவை மையத்தில் நிற்கிறாள். கையில் முதல் பட்டதாரிச் சான்றிதழ். பொறியியல் கலந்தாய்வுக்கு எந்தக் கல்லூரியை முதலில் போடுவது என்று கேட்க வீட்டில் ஆளில்லை. கணினி முன் இருப்பவர் சொல்லும் வரிசையே அவளுடைய நான்கு ஆண்டுகளைத் தீர்மானித்துவிடுகிறது.

சேர்ந்த பிறகுதான் உண்மையான சிக்கல். தமிழ் வழியில் படித்தவள் முதல் பருவத்தில் கணக்கில் அரியர் வைப்பாள். 'இது நமக்கு ஒத்துவராது' என்று முடிவுகட்டுவாள். 'உன் சீனியர்கள் பலரும் இப்படித்தான் ஆரம்பித்தார்கள், அடுத்த பருவத்தில் எழுதிக்கொள்ளலாம்' என்று சொல்ல ஒருவர் வேண்டியது அப்போதுதான்.

அமெரிக்காவில் ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் இருவரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய துணை நீடிக்க வேண்டும் என்பதைக் காட்டுகிறது. வழிகாட்டியுடன் ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த உறவில்தான் பிள்ளைகளுக்குப் பலன் அதிகம். மூன்று மாதங்களுக்குள் முறிந்தவற்றிலோ அவர்களின் தன்மதிப்பு குறைந்தே போயிருந்தது. பாதியில் கைவிடுவதைவிடத் தொடங்காமல் இருப்பதே மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

2022-ல் வந்த தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் பயிற்சிகளையும் தகவலையும் மாணவர்களிடம் கொண்டுசேர்க்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் இணையதளம் யாரையும் போனில் கூப்பிட்டு 'ஏன் ரெண்டு வாரமா காலேஜ் போகல?' என்று கேட்காது. அதற்கு ஊரில் ஆட்கள் வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும், படித்து வேலைக்குப் போன பிள்ளைகளும் டி. கல்லுப்பட்டி அடங்கிய பேரையூர் வட்டத்திலேயே இருக்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழு அவர்களை அழைத்து, பதினொன்றாம் வகுப்பிலேயே ஆளுக்கு இரண்டு பிள்ளைகளை ஒப்படைக்கலாம். பொறுப்பு பிளஸ் டூவோடு முடியக்கூடாது. கல்லூரியின் இரண்டாம் ஆண்டுவரை தொடர வேண்டும்.