ரெண்டாவது காப்பி எங்க இருக்கு, அண்ணாச்சி?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுட்டு கொஞ்சம் கண்ணசரலாம்னு படுத்தா போன். ஊர்ல போட்டோ ஸ்டூடியோ வச்சிருக்கிற அண்ணாச்சி. திருநெல்வேலி ஜங்ஷன்ல கடை, பாளையங்கோட்டையில வீடு. நான் சென்னையில பொட்டி தட்டுற ஆளுங்கிறதால, மிக்சி கிரைண்டர் தவிர கரண்ட்ல ஓடுற எல்லாத்துக்கும் என்கிட்டதான் யோசனை கேட்பார்.

"தம்பி, பழைய நாஸ் நிறைஞ்சு போச்சு. புதுசு ஒண்ணு எடுக்கணும். எந்தக் கம்பெனி நல்லதுன்னு சொல்லும், நாளைக்கே ஆர்டர் போட்டுருதேன்."

முன்னாடி ஒரு தடவை இதே கேள்விக்கு அஞ்சு நிமிஷத்துல பதில் சொல்லியிருக்கேன். அந்தப் பதில் தப்பு. அதனாலதான் இந்தப் பதிவு. (கடை, அச்சகம், ஆடிட்டர் ஆபீஸ்னு சின்னதா தொழில் பண்ற சொந்தக்காரர் நம்ம எல்லாருக்கும் ஒருத்தராவது உண்டு. அவங்க கேட்கிறப்போ நீங்களாவது என்னை மாதிரி உளறாம இருக்கணும்.)

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. நாஸ்ங்கிறது ஹார்ட் டிஸ்க் செருகின ஒரு சின்னப் பொட்டி. ரவுட்டரோட கேபிள்ல இணைச்சுட்டா, ஆபீஸ்ல இருக்கிற எல்லா கம்ப்யூட்டருக்கும் அது பொது பீரோ. ஆளாளுக்கு பென்டிரைவைத் தூக்கிட்டு அலைய வேண்டாம்.

நான் அப்போ சொன்னது இதுதான். ரெண்டு டிஸ்க் போடுற பொட்டி வாங்குங்க, ரெய்டு 1 போட்டுக்கலாம். (இன்கம்டாக்ஸ் ரெய்டு இல்லீங்க.) ஒரு டிஸ்க்ல எழுதுறதை அப்படியே இன்னொண்ணுலயும் எழுதும். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும். "இனிமே நிம்மதியா தூங்குங்க அண்ணாச்சி"ன்னு டயலாக் வேற விட்டேன்.

எட்டு மாசம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் கடையில எடிட்டிங் பார்க்கிற பையன், இடம் பத்தலைன்னு பழைய ஃபோல்டர்களை அழிக்கிறப்போ தேதியை மாத்திப் பார்த்து ஒரு கல்யாணத்தையே அழிச்சுட்டான். ரெய்டு சொன்ன வேலையை ஒழுங்கா செஞ்சுது. ரெண்டு டிஸ்க்லயும் ஒரே நேரத்துல அழிச்சுது. நெட்வொர்க்ல இருக்கிற ஃபைலை அழிச்சா அது விண்டோஸ் ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. அந்தப் பொட்டிக்குள்ளேயே குப்பைத்தொட்டி மாதிரி ஒரு வசதி இருந்துச்சு. செட்டப் பண்றப்போ அதை ஆன் பண்ணாம விட்டது நான்.

கேமரா கார்டெல்லாம் எப்பவோ ஃபார்மேட் ஆகி அடுத்தடுத்த கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தாச்சு. ஆல்பமும் போடலை. (பொண்ணு மாப்பிள்ளை படம் செலக்ட் பண்ணித் தர ஆறு மாசம் ஆகும்ங்கிறது ஸ்டூடியோக்காரங்களுக்குத் தெரிஞ்ச கதைதான்.) ரெகவரி பண்றவங்ககிட்ட டிஸ்க்கை அனுப்பினோம். பாதிப் படம் வந்துச்சு. அதுலயும் நிறைய படத்துல மேல்பக்கம் மட்டும் இருந்துச்சு, கீழ்பக்கம் வெறும் சாம்பல் கலர்.

கல்யாணம் முடிஞ்ச மூணாவது மாசம் பொண்ணோட ஆச்சி தவறிட்டாங்க. பதினாறாம் நாள் காரியத்துக்கு வைக்க, கல்யாணத்துல எடுத்த படம் ஒண்ணு வேணும்னு பொண்ணோட அப்பா கடைக்கு வந்திருக்கார். அண்ணாச்சிகிட்ட மிச்சம் இருந்தது முன்னாடி வாட்ஸப்ல அனுப்பின ஒரே ஒரு படம். அதைப் பெருசாக்கி ஃப்ரேம் போட்டுக் கொடுத்தார். முகம் தெளிவா வரலை. அவர் ஒண்ணும் சொல்லலையாம், வாங்கிட்டுப் போயிட்டாராம். இதைச் சொல்றப்போ அண்ணாச்சி என்னையும் ஒரு வார்த்தை சொல்லலை. அதான் இன்னமும் உறுத்துது.

சரி, விஷயத்துக்கு வருவோம். ரெய்டு வேற, பேக்கப் வேற. ஒரு டிஸ்க் செத்துப் போனாலும் அன்னைக்குக் கடை ஓடணும், அதுக்குத்தான் ரெய்டு. தெரியாம அழிச்சது, திருடு போனது, வைரஸ் பூட்டினது, தண்ணி புகுந்தது எதுக்கும் அதுகிட்ட பதில் கிடையாது.

இதுல பெரிய கம்பெனி, சின்னக் கம்பெனின்னு வித்தியாசம் இல்லை. 1998ல பிக்ஸார்ல 'டாய் ஸ்டோரி 2' வேலை நடந்துட்டு இருந்தப்போ, யாரோ தட்டின ஒரு அழிப்புக் கட்டளையில படத்தோட பெரும்பகுதி காணாம போச்சு. பேக்கப்பை எடுத்துப் பார்த்தா அதுவும் ஒழுங்கா ஓடியிருக்கலை. அங்க டெக்னிக்கல் டைரக்டரா இருந்த கேலின் சூஸ்மன், அப்போதான் குழந்தை பிறந்திருந்ததால வீட்ல இருந்தே வேலை பார்த்துட்டு இருந்தாங்க. அவங்க வீட்டு கம்ப்யூட்டர்ல இருந்த காப்பிதான் படத்தைக் காப்பாத்துச்சு.

பீட்டர் க்ரோக்னு ஒரு புகைப்படக்காரர் பிரபலப்படுத்தின விதி ஒண்ணு உண்டு, 3-2-1ன்னு சொல்வாங்க. மூணு காப்பி, ரெண்டு விதமான சாதனத்துல, ஒண்ணு வேற இடத்துல. இந்த 'வேற இடம்' எதுக்குன்னு நெல்லைக்காரங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகள்ல தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷன் பக்கமெல்லாம் வெள்ளம் நின்னதை மறந்திருக்க மாட்டீங்க. மேஜைக்கு அடியில நாஸும், அதே மேஜை டிராயர்ல பேக்கப் டிஸ்க்கும் இருந்தா ரெண்டும் ஒண்ணாத்தான் முங்கும்.

அதனால இந்தத் தடவை கம்பெனி பேரே சொல்லாம, "பட்ஜெட் எவ்வளவு?"ன்னு கேட்டேன். சொன்னார். "அதுல மூணுல ஒரு பங்கை ரெண்டாவது காப்பிக்குன்னு தனியா எடுத்து வைங்க. மிச்சத்துக்குப் பொட்டி பார்க்கலாம்."

"அப்போ சின்னப் பொட்டிதானய்யா வரும்?"

"சின்னதே போதும் அண்ணாச்சி."

இதுதான் என் கட்சி. நல்லா ஜம்முனு ஒரு பொட்டியை வாங்கி காப்பி இல்லாம இருக்கிறதை விட, சுமாரான பொட்டியும் வேற இடத்துல ஒரு காப்பியும் எவ்வளவோ மேல். அதுக்கப்புறம் நாங்க பார்த்தது வரிசையா:

1. கணக்கு. ஒரு கல்யாணத்துக்கு 4000 படம், படத்துக்கு 30 மெகாபைட்னா 120 ஜிபி. 4கே வீடியோ ரெண்டு மணி நேரம், 100 மெகாபிட் வேகத்துல எடுத்தா 90 ஜிபி. ஆக 210. வருஷத்துக்கு 40 கல்யாணம்னா 8.4 டெராபைட். இந்தக் கணக்கைப் போடாம கடைக்குப் போனா, விக்கிறவர் சொல்றதுதான் கணக்கு.

2. எத்தனை டிஸ்க்? நாலு டிஸ்க் போடுற பொட்டி, இப்போதைக்கு 8 டெராபைட் டிஸ்க் மூணு. ரெய்டு 5ல ஒரு டிஸ்க் அளவு பாதுகாப்புக்குப் போக 16 நிக்கும். பின்னாடி நாலாவதைச் சேர்த்தா 24. ஒரு டிஸ்க் செத்து புதுசு போட்டா, பழையபடி கட்டி முடிக்கப் பல மணி நேரம் ஆகும். அந்த நேரத்துல இன்னொண்ணும் போச்சுன்னா கோவிந்தா. (அப்பவும் கை கொடுக்கிறது ரெண்டாவது காப்பிதான்.)

3. டிஸ்க் ரகம். எஸ்எம்ஆர்னு ஒரு வகை, ஓடு வேய்ஞ்ச மாதிரி தடத்து மேல தடம் ஏறி எழுதும். விலை கம்மி, ஆனா திருப்பி எழுதுறப்போ இழுக்கும், ரெய்டுக்கு ஆகாது. 2020ல வெஸ்டர்ன் டிஜிட்டலோட ரெட் வரிசையில, நாஸுக்குன்னே வித்த சில டிஸ்க்குகள் இந்த வகைன்னு தெரிய வந்து பெரிய ரகளையாச்சு. சிஎம்ஆர்னு உறுதி பண்ணிட்டு வாங்குங்க.

4. கேபிளும் ஸ்விட்சும். இதை யாரும் பார்க்கிறதில்லை. கிகாபிட் ஸ்விட்ச்ல ஒரு கல்யாணம் அரை மணி நேரத்துல ஏறிடும். அதே பொட்டியைப் பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச்ல செருகினா அஞ்சு மணி நேரம். அண்ணாச்சி கடையில இருந்தது பழசு. "நாஸ் ஸ்லோவா இருக்கு"ன்னு இத்தனை நாள் புலம்பினதுக்கு அதான் காரணம்.

5. ஸ்னாப்ஷாட். மணிக்கொரு தரம் ஃபைல்களோட நிலைமையைப் பொட்டி ஞாபகம் வச்சுக்கும், தப்பு பண்ணினா பழைய நிலைமைக்குப் போகலாம். எல்லா மாடல்லயும் இருக்காது, கேட்டு வாங்குங்க. குப்பைத்தொட்டியை முதல் நாளே ஆன் பண்ணுங்க. (பட்டவன் சொல்றேன்.)

6. யூபிஎஸ். நம்மூர் கரண்டைப் பத்திச் சொல்லணுமா? யூஎஸ்பி கேபிள்ல நாஸோட பேசுற யூபிஎஸ்ஸா இருந்தா, பேட்டரி தீர்றதுக்குள்ள பொட்டி தானே ஒழுங்கா அணைஞ்சுக்கும்.

7. இன்டர்நெட்டுக்குத் திறந்து விடாதீங்க. 2021 ஜூன்ல, வெஸ்டர்ன் டிஜிட்டல் 2015லயே ஆதரவை நிறுத்திட்ட மை புக் லைவ் டிஸ்க்குகள்ல எங்கிருந்தோ யாரோ புகுந்து மொத்தமா அழிச்சாங்க. 2022 ஜனவரியில டெட்போல்ட்ங்கிற ரான்சம்வேர், இன்டர்நெட்ல தெரியற மாதிரி வச்சிருந்த கியூநாப் பொட்டிகளைப் பூட்டிட்டு காசு கேட்டுச்சு. வெளியூர்ல இருந்து பார்த்தே ஆகணும்னா விபிஎன் வழியா வாங்க.

8. கடைசியா கம்பெனி. எத்தனை வருஷம் அப்டேட் தருவாங்க, எந்த டிஸ்க்கெல்லாம் ஏத்துக்கும்னு பாருங்க. 2025ல சினாலஜி, அந்த வருஷத்து பிளஸ் மாடல்களுக்குத் தங்களோட டிஸ்க்கைத்தான் போடணும்னு கெடுபிடி பண்ணி, எதிர்ப்பு கிளம்பவும் அதே வருஷம் அக்டோபர்ல இறங்கி வந்தாங்க.

'பழைய கம்ப்யூட்டர்ல ட்ரூநாஸ் போட்டா காசே ஆகாதே'ன்னு நம்மாளுங்க சிலர் கேட்பீங்க. எனக்கும் பிடிக்கும், என் வீட்ல அதான் ஓடுது. ஆனா அண்ணாச்சிக்குச் சொல்ல மாட்டேன். அது மக்கர் பண்ணினா முகூர்த்த நாள் ராத்திரி 11 மணிக்கு எனக்கு போன் வரும் :-)

மேகத்துல ஏத்தலாமேன்னா, ஒரு வருஷத்துச் சரக்கை 100 மெகாபிட் வேகத்துல ஏத்தவே கிட்டத்தட்ட எட்டு நாள். மாசா மாசம் வாடகை வேற. அதனால செலக்ட் பண்ணின படம் மட்டும் மேலே போகுது. கல்யாணத்துக்கு 6 ஜிபி வச்சாலும் வருஷத்துக்கு 240 தான்.

மத்ததுக்கெல்லாம் பெரிய யூஎஸ்பி டிஸ்க் ரெண்டு, மாத்தி மாத்தி. வாரா வாரம் செவ்வாய்க்கிழமை காப்பி. (அன்னைக்குக் கல்யாணம் இருக்காது பாருங்க.) எப்பவும் ஒரு டிஸ்க் சுலோச்சன முதலியார் பாலத்துக்கு அந்தப் பக்கம், பாளையங்கோட்டை வீட்ல இருக்கணும். அந்த டிஸ்க்ல ஏறி வீடு போய்ச் சேராம கேமரா கார்டை ஃபார்மேட் பண்ணக் கூடாது. மாசம் ஒரு தடவை ஏதாவது ஒரு கல்யாணத்தை எடுத்து பத்துப் படத்தையாவது திறந்து பார்க்கணும். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பித்தான் பிக்ஸார்காரங்களே முழிச்சாங்க.

இந்தச் செவ்வாய்க்கிழமை ராத்திரி அண்ணாச்சிகிட்ட இருந்து வாட்ஸப்ல ஒரு படம். வீட்டு பீரோவுல மதினியோட பட்டுச்சேலைகளுக்கு நடுவுல, துணியில சுத்தின ஹார்ட் டிஸ்க். கீழே ஒரு வரி: "எடிட்டிங் பையன்தான் கொண்டாந்து வச்சிட்டுப் போறான்."

உங்க கடையில, ஆபீஸ்ல, ஏன், உங்க வீட்டு போட்டோவுக்கே ரெண்டாவது காப்பி எங்க இருக்கு? பின்னூட்டத்துல சொல்லுங்க. 'இல்லை'ன்னா பின்னூட்டம் அப்புறம் போட்டுக்கலாம், முதல்ல போய் எடுத்துட்டு வாங்க.

டிஸ்கி: எந்தக் கம்பெனியும் எனக்கு ஓசியில பொட்டி தரலை. தந்தா, ரெண்டா தரச் சொல்லுங்க. ஒண்ணு வேற இடத்துல வைக்கணும்ல?